தாளில் உள்ளதை மட்டும்

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். அதனால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. அட்டெண்டர் வேலையைச் சொல்லவில்லை. அது முன்பே இருந்தது. இது அதற்குள் வந்த இன்னொரு வேலை.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ரெட்டியார்சத்திரத்துக்குச் சற்று முன்னால் எங்கள் கல்லூரி. இரண்டாவது மாடியில் ஓர் ஆராய்ச்சி அறை. அதில் ஆறு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஓர் ஏசி, ஒரு மேடம், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் மூன்று பேர். காலையில் திறப்பேன். கூட்டித் துடைப்பேன். பதினொரு மணிக்கும் மூன்றரைக்கும் கேண்டீனிலிருந்து டீ வாங்கிவந்து கொடுப்பேன். ஐந்தரைக்குப் பூட்டுவேன்.

புற்றுநோய் ஆராய்ச்சி என்று சொல்லித்தான் என்னை அங்கே மாற்றினார்கள். ரத்தமும் சதையும் பாட்டிலில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. எல்லாம் எண்கள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் மார்புக் கட்டியை அறுத்து எடுக்கிறார்கள். அந்தக் கட்டிக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து எண்ணாக்கி, பேர் ஊர் இல்லாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் போட்டு வைக்கிறார்கள். ஒரு கட்டிக்கு ஒரு ஃபைல். ஒரு ஃபைலில் ஆயிரக்கணக்கில் வரிகள். எங்கள் பிள்ளைகள் அதை இறக்கிக் கணக்குப் போட்டு, இந்தக் கட்டி இப்படிப் போகும், அந்தக் கட்டி அப்படிப் போகும் என்று பார்க்கிறார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் புரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் என்னுடைய இன்னொரு வேலை.

அது மேடத்தின் பழக்கம். எந்தப் பிள்ளை எந்தக் கட்டுரை எழுதினாலும், அதை வெளியே அனுப்புமுன் ஒரு தாள் எழுத வேண்டும். கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எப்படிச் செய்தோம் என்று படிப்படியாக, தமிழில், பெரிய எழுத்தில். தட்ட வேண்டிய ஆங்கில வரிகளை அப்படியே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை என்னிடம் கொடுப்பார்கள். ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டரைத் துடைத்துக் காலியாக்கி வைத்திருப்பார்கள். நான் உட்கார்ந்து, தாளில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டுவேன். யாரிடமும் கேட்கக் கூடாது. யாரும் சொல்லக் கூடாது. கடைசியில் ஒரு படம் வரும். சிவப்பும் நீலமுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும். அதை அச்சடித்து, பிள்ளை போட்ட படத்தோடு சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்துவோம். வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால், தாளின் அடியில் ‘வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் ‘வரவில்லை’. வந்தது என்று நான் எழுதாத எதையும் மேடம் அனுப்ப மாட்டார்.

ஏன் என்னை என்று முதலில் கேட்டேன். படித்த பிள்ளைகளிடம் கொடுத்தால் தாளில் விட்டுப்போனதை அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள், எங்கே விட்டது என்று தெரிவதே இல்லை என்றார்.

“உங்களுக்குத் தெரியாதுங்கறதுதான் எனக்கு வேணும்.”

எனக்கு அது குறையாகப் படவில்லை. தெரியாதது நிறைய இருந்தது. அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

முதல் தாளை முடிக்க மூன்று நாள் ஆனது. மவுஸைப் பிடிக்கவே ஒரு நாள். படம் வந்தது, ஆனால் பொருந்தவில்லை. மறுபடி தட்டினேன். வேறொரு படம் வந்தது. அந்தக் கணக்கின் நடுவில் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குமாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சீட்டு விழுமாம். இந்த எண்ணிலிருந்து குலுக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எங்கே குலுக்கினாலும் அதே சீட்டுதான். அந்த எண்ணைத் தாளில் எழுத மறந்திருந்தார்கள். வரவில்லை என்று எழுதினேன். அந்தத் தாளுக்குரிய பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசிவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறொரு பிள்ளையின் தாளைப் பற்றி.

அவள் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குத் தோல் வியாபாரம். வீட்டில் கல்லூரி தாண்டிப் படிக்கிற முதல் ஆள். நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டுரையாவது வெளியே அச்சாகியிருந்தால்தான் பிஎச்.டி.க்கு எழுதியதைக் கொடுக்க முடியும் என்பது விதி. அவளுக்கு இருந்தது அந்த ஒரு கட்டுரைதான்.

மார்புக் கட்டியை எடுத்த பிறகு சிலருக்குத் திரும்ப வருகிறது, சிலருக்கு வருவதில்லை. முதல் கட்டியிலேயே ஜீன்கள் வேலை செய்வதை வைத்து, எதில் திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது அவள் வேலை. பதினாலு ஜீன் சொல்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். அவள் படத்தில் பதினாலு வரிசை ஒரு பக்கம் நல்ல சிவப்பாக இருக்கும். அதைக் காட்டும்போது அவள் குரல் மாறும்.

அவளுடைய தாளில் பதினொரு படி. ஆறாவது படி, ஃபைல்களை இறக்கி ஒரு ஃபோல்டரில் போடுவது. ஏழாவது, ஒரு வரியைத் தட்டிக் கணக்கைத் தொடங்குவது. ஆறை முடித்துவிட்டு ஏழைப் பார்த்தேன். நடுவில் ஒன்று விட்டிருந்தது.

அவள் இரண்டாவது வருஷத்தில் இருந்தபோது ஒரு நாள் டீ கொண்டுபோனேன். ஃபோல்டரிலிருந்து ஐந்து ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு ஃபோல்டரில் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த ஃபோல்டருக்கு ‘வேண்டாம்’ என்று பெயர், ஆங்கில எழுத்தில். அந்த ஐந்து ஃபைல் பெயர்களிலும் உள்ள கடைசி மூன்று இலக்கங்களை ஒரு மஞ்சள் துண்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தாள். மானிட்டரைத் துடைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு கண்ணில் படும். ஒரு வருஷத்துக்கு மேல் துடைத்தேன். வண்டி நம்பர் மனதில் நிற்பது மாதிரி அந்த ஐந்தும் நின்றுவிட்டன. பசை காய்ந்து துண்டு கீழே விழுந்தது. அதைக் கூட்டிப் போட்டதும் நான்தான்.

பிள்ளை எழுத மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ‘வேண்டாம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அந்த ஐந்தையும் அதில் தள்ளிவிட்டு ஏழாவது படிக்குப் போனேன். ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. நாத்தனார் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால், உப்புப் போட்டியா என்று குளியலறைக் கதவைத் தட்டுவதில்லை. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவேன். அது மாதிரி.

படம் வந்தது. கண்ணாடியில் வைத்தோம். மயிரிழை மாறவில்லை. வந்தது என்று எழுதினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் கட்டுரையை அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கட்டுரை போகிற இடத்தில் அதை வேறு இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்களாம். யார் என்று நமக்குத் தெரியாது. ஒருவர் நன்றாக இருக்கிறது என்றிருந்தார். இன்னொருவர் ஃபைல்களை இறக்கி, இவள் கொடுத்த புரோகிராமையே ஓட்டிப் பார்த்திருக்கிறார். பதினாலில் ஆறுதான் வந்தது, மற்றவை வரவில்லை, படமும் வேறு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். முப்பது நாளில் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கட்டுரை இல்லை.

அவள் தன் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். பதினாலும் வந்தது. என்னை உட்காரச் சொன்னார்கள். முன்பு செய்த மாதிரியே செய்தேன், எனக்கும் பதினாலு. பக்கத்து இருக்கைப் பிள்ளை இவளுடைய ஃபோல்டரை அப்படியே எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்த்தாள். அங்கேயும் பதினாலு.

இங்கே மூன்று பேருக்கு வருகிறது, அங்கே ஒருவருக்கு வரவில்லை. அப்படியானால் அவர்கள் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் புதுசோ பழசோ என்று சந்தேகப்பட்டார்கள். புதுசை ஏற்றினார்கள். பழசை ஏற்றினார்கள். அதற்கும் பழசை ஏற்றினார்கள். சின்னச் சின்னதாக மாறியது, ஆறாகக் குறையவில்லை. பத்து நாள் இப்படிப் போனது. பிள்ளையின் டிபன் பாக்ஸ் காலையில் வந்த கனத்தோடே சாயங்காலம் திரும்பிப் போனது.

ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

“அக்கா, ஒங்களுக்கு வந்துச்சுல்ல? நெசமா வந்துச்சுல்ல?”

“வந்துச்சு.”

“தாள்ல இருக்கறதத்தானே செஞ்சீங்க?”

“அதத்தான் செஞ்சேன்.”

பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. அந்த ஐந்தும் தாளில் இருப்பதாகவே என் மனதில் பதிந்திருந்தது.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். இந்த அறைக்குள் இதுவரை கால் வைக்காத ஒருவர் வேண்டும், இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தால் போதும் என்றார். எங்கள் வீட்டுக்காரரைச் சொன்னேன். அவர் பத்தாவது ஃபெயில். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து சின்ன லோடு வண்டியில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றித் திண்டுக்கல் கடைகளுக்குப் போடுகிறவர். பழனிப் பக்கத்து ஆள். லோடு இல்லாத சனிக்கிழமையில் வரச் சொன்னார்கள்.

கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் செருப்பை வாசலிலேயே விட்டார். ஒரு செருப்பின் வார் அறுந்து, ஊக்கு மாட்டியிருந்தது. ஜன்னல் ஓரக் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டீயரிங்கைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் விதியைச் சொன்னார். கேட்கக் கூடாது, தாளைப் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒற்றை விரலால் தட்டினார். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். இரண்டாவது படியில் நின்றுவிட்டார்.

“ஏம்புள்ள, இந்தக் கோடு நடுவால போடறதா, அடியில போடறதா?”

நான் பேசவில்லை.

“ஊட்ல மூடாத வாயுங்க மேடம். இங்க வந்து பாருங்க, பூட்டு போட்டிருக்குது.”

மேடம் சிரித்தார். பேகம்பூர்ப் பிள்ளையும் சிரித்தாள். பத்து நாளில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, கோடு அடியில்தான் என்று தானே கண்டுபிடித்துவிட்டார்.

ஆறாவது படியில் ஃபைல் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டீ குடித்தோம். கல்லூரி டீயில் தண்ணீர் ஜாஸ்தி, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு டீ மாதிரி வராது என்று மேடத்திடமே சொன்னார். மேடம் ஆமாம் என்றார். ஃபைல் எல்லாம் இறங்கியது. அவர் தாளில் விரலை ஆறிலிருந்து ஏழுக்கு நகர்த்தினார். தட்டத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, அந்த அஞ்சை எடுத்து வைக்காம…”

மேடம் திரும்பிப் பார்த்தார்.

“எந்த அஞ்சு?”

நான் சொன்னேன். டீ கொண்டுபோனது, மஞ்சள் துண்டு, ‘வேண்டாம்’ ஃபோல்டர், ஐந்தின் எண்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்து எண்ணினாள். இறக்கியதற்கு ஐந்து குறைந்தது. இரண்டு வருஷமாகக் குறைந்தே இருந்திருக்கிறது. முதலிலேயே எடுத்துவிட்டதால் அவளுக்கு அது எடுத்ததாகவே நினைவில்லை. பக்கத்து இருக்கைப் பிள்ளை எடுத்து ஓட்டியதும் அந்தக் குறைந்த ஃபோல்டரைத்தான்.

“நான் எழுதலையாக்கா?”

“இல்ல.”

“நீங்க ஏங்க்கா சொல்லல?”

“மறந்திருப்பன்னு நெனச்சேன். நானே செஞ்சுட்டேன்.”

அவள் ஃபோல்டரை மறுபடி எண்ணினாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் விரலைத் தூக்கியபடியே இருந்தார். “நான் தட்டறதுங்களா, உட்டர்றதுங்களா?”

“தாள்ல உள்ளத மட்டும் செய்யுங்க,” என்றார் மேடம்.

செய்தார். படம் வந்தது. கண்ணாடியில் வைத்தோம். வேறு படம். ஆறு வரிசைதான் ஒத்துப்போனது. கட்டுரையைப் பார்த்தவர் எழுதியது அதேதான். பெரிய எழுத்தில் ‘வரவில்லை’ என்று எழுதி, லோடு சீட்டில் போடுகிற மாதிரி நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

வண்டியில் திரும்பும்போது கேட்டார், தன்னால் எதுவும் கெட்டுப்போய்விட்டதா என்று. இல்லை, என்னால்தான் என்று நடந்ததைச் சொன்னேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார். லோடு ஏற்றுகிறவன் நல்ல மனதோடு நாலு அழுகலை எடுத்து வெளியே போட்டுவிடுவானாம். போட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டானாம். கடையில் எடை குறைகிறது என்று இவரை நிறுத்திவைத்துக் கேட்பார்களாம்.

“எடுத்தா எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லோணும் புள்ள. அம்புட்டுத்தான்.” ‘அம்புட்டு’ எங்கள் ஊர்ச் சொல்; எங்கள் பேச்சில் அவருக்கு ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

கேட் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு கட்டுரை. அதில் வந்தது என்று எழுதிக் கொடுத்தது நான். அன்றைக்கே வரவில்லை என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அதோடு போயிருக்கும்.

திங்கட்கிழமை மேடம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையிடம், அந்த ஐந்தை ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேட்டார். அவள் பழைய நோட்டுகளை எல்லாம் புரட்டினாள். இரண்டு ஃபைலுக்குக் காரணம் கிடைத்தது. ஒரே கட்டியை இரண்டு தடவை அளந்தவை அவை. ஒன்று இருந்தால் போதும், இரண்டாவதை எடுத்தது சரி. மற்ற மூன்றுக்கும் நோட்டில் ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. எப்படிச் சரியில்லை என்று மேடம் கேட்டார். மற்றதோடு சேராமல் தள்ளித் தெரிந்தன, பார்த்தாலே தெரிந்தது என்றாள்.

“பாத்தாலே தெரியும்ங்கறத அங்க இருக்கறவரு எப்படிப் பாப்பாரு?” என்றார் மேடம்.

அப்புறம் அவர்கள் செய்ததை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். எந்த ஃபைல் சரியில்லை என்பதற்கு ஓர் அளவு வைத்தார்கள். படம் எப்படி வரும் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே வைத்தார்கள். அது முக்கியமாம். அந்த அளவைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். இனிமேல் கையால் எதையும் எடுக்க வேண்டாம், எடுக்க வேண்டியதைக் கம்ப்யூட்டரே எடுத்துவிட்டு எதை எடுத்தேன் என்று பட்டியலும் போடும். அந்த அளவில் மூன்றில் ஒன்றுதான் வெளியே போனது. இரண்டு திரும்ப உள்ளே வந்தது.

அந்த இரண்டு வந்ததும் பதினாலு ஒன்பதாகிவிட்டது.

விழுந்த ஐந்து ஜீனில் அவளுக்குப் பிடித்த ஒன்று இருந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே அதன் பெயரை வைத்திருந்தாள். இரண்டு நாள் அந்தக் கட்டுரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் தலைப்பை மாற்றினாள். அன்று டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பியது. நான்தான் கழுவினேன், அதனால் தெரியும்.

ஒன்பது குறைச்சலா என்று அவளிடம் கேட்டேன்.

“ஒம்பது போதும்க்கா. ஒம்பதும் நிக்கணும்.”

மேடத்திடம் போய் எனக்கு இந்தத் தாள் வேலை வேண்டாம் என்றேன். நான் இப்போது தெரிந்தவளாகிவிட்டேன் என்றேன். மேடம் யோசித்தார். இந்தக் கட்டுரைக்கு நீங்கள் வேண்டாம், அடுத்ததைப் பிறகு பார்க்கலாம் என்றார். சனிக்கிழமை வீட்டுக்காரரையே வரச் சொன்னார்.

முதல் தடவை வந்ததிலிருந்து இரண்டாவது சனிக்கிழமை அவர் மறுபடி வந்தார். முப்பது நாளில் நான்கு நாள்தான் மீதி. புதுத் தாள். காலியாக்கிய கம்ப்யூட்டர். இந்தத் தடவை என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நியாயம்தான்.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே அவர் எழுத்துக்கூட்டுவது கேட்டது. ஒவ்வொரு படியும் எத்தனாவது என்று எனக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு தடவை நெடுநேரம் சத்தம் இல்லை. கை சும்மா இருக்கவில்லை. வாளியை எடுத்துவந்து படிகளைத் துடைத்தேன். காலையில் துடைத்த படிகள்தான். கீழ்ப்படி வரை போய்விட்டு மறுபடி மேலே வந்தேன். பிள்ளை ஒரு தடவை வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். போனபோது வீட்டுக்காரர் இரண்டு படங்களையும் ஜன்னல் கண்ணாடியில் நாலு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வரிசை. கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாக இருந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அவள் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்கவில்லை.

“இதுல சிவப்பு கொஞ்சம் வெளுத்துருக்குதுங்க.”

மை தீர்ந்து வருகிறது, அதனால் அப்படி அச்சாகிறது, கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளை சொன்னாள்.

“இருக்கலாமுங்க. ஆனா நான் பாக்கறது வெளுத்துருக்குதே. எப்படிங்க எழுதறது?”

இத்தனை நாள் பொறுத்துவிட்டு இந்த மனுஷர் மைக்காக நிறுத்துகிறாரே என்று எனக்கு இருந்தது. மேடத்துக்கு அப்படி இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி என்று கீழே ஆபீசுக்குப் போய்ப் புது மை வாங்கிவந்து மாட்டி, இரண்டு படத்தையும் அடுத்தடுத்து அச்சடித்துக் கொடுத்தார். மறுபடி கண்ணாடி. வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஒன்பதையும் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார்.

‘வந்தது’.

பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பதில் கடிதம் எழுதும்போது அவளுக்குப் பயம் இருந்தது. ஐந்து ஃபைலைக் கையால் எடுத்தேன், எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அதை வைத்தே தள்ளிவிடுவார்களோ என்று. சாஃப்ட்வேர் மாறிவிட்டது என்று எழுதினால் என்ன என்று பக்கத்து இருக்கைப் பிள்ளை சொன்னாளாம். இவள் கேட்கவில்லை. உள்ளதை எழுதினாள். எந்த ஐந்து, எதனால், இப்போது என்ன அளவு, எத்தனை ஜீன் விழுந்தது, எல்லாம். வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். மஞ்சள் துண்டைப் பற்றி அதில் இல்லை. அது அவர்களுக்கு வேண்டாம் என்றாள்.

இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எப்போதும் போலத்தான் போனது. திறந்தேன், துடைத்தேன், பூட்டினேன். ஒரு புதன்கிழமை மூன்றரை டீயோடு உள்ளே நுழைந்தபோது மேடம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியாத அந்த ஆள் எழுதியிருந்தார். ஃபைல்களைப் புதிதாக இறக்கினேன், புரோகிராமை ஓட்டினேன், எனக்கும் ஒன்பது வருகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தார். கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளை என்னிடம் வந்தாள்.

“அக்கா, அவருக்கும் வந்துருச்சு.”

“ம்.”

டீயைக் கொடுத்தேன். குடித்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். உள்ளே தோல் செருப்பு. அளவு சரியாக இருந்தது. ஆராய்ச்சி அறை வாசலில் கிடந்த ஊக்கு மாட்டிய செருப்பைப் பிள்ளை பார்த்திருக்கிறாள். அளவையும் எடுத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் எப்படி எடுத்தாள் என்று கேட்டதற்கு, இதை மட்டும் நான் எழுதி வைத்தேன்க்கா என்றாள். வீட்டுக்காரர் அதை லோடு ஏற்றும்போது போடுவதில்லை. வண்டியில் சீட்டுக்குப் பின்னால் பெட்டியோடு வைத்திருக்கிறார். கல்யாணம் காட்சிக்கு மட்டும்.

அவள் பிஎச்.டி.க்கு எழுதியதைக் கொடுத்துவிட்டாள். இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். அங்கேயும் இதே எண்கள்தானாம்.

எனக்குத் தாள் வேலையை மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு மாற்றம் மட்டும். பிள்ளைகள் வேலை செய்யும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. காலையில் யாரும் வருமுன், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதே துடைத்துவிடுகிறேன். மானிட்டரில் ஒட்டியிருக்கும் துண்டுகளைப் படிப்பதில்லை. கீழே விழுந்தால் மட்டும் கூட்டிப் போடாமல் எடுத்து, மேடத்தின் மேஜையில் ஒரு டப்பாவில் போடுகிறேன். டீயை வாசலுக்கு உள்ளே ஸ்டூலில் வைத்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. அக்கா, டீ ஆறிப்போகுது, உள்ளே கொண்டுவந்து வைத்தால் என்ன என்கிறாள். ஆறட்டும். திங்கட்கிழமை அவளுடைய தாள் எனக்கு வருகிறது.